மூன்று முறை வெம்பிளி, மூன்று முறையும் வெறுங்கை

ஹெரிஃபோர்டு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1972 பிப்ரவரி 5, தோற்றால் வெளியே என்கிற இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பை, மூன்றாம் சுற்றின் மறு ஆட்டம். நாற்று நடலாம் என்கிற அளவுக்குச் சேறாகிப்போன மைதானம், மரத்திலும் கம்பத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜனம். ரோனி ராட்ஃபோர்டு என்கிற ஆள் முப்பது கஜத்துக்கு அப்பாலிருந்து ஒரு அடி அடிக்கிறார், பந்து வலையின் மேல்மூலையில் போய் இறங்குகிறது, பச்சைக் கோட்டு போட்ட சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் மைதானத்துக்குள் ஓடி வருகிறார்கள். லீக்கிலேயே இல்லாத ஹெரிஃபோர்டு, அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய நியூகாசிலைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று சாய்த்தது. ஐம்பது வருடமாக அந்த ஒரு கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய கால்பந்து ஆட்டங்களை ராத்திரி யூடியூபில் தேடிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. இந்த ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. ஏழெட்டு முறை பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ராட்ஃபோர்டு அடித்தது சமன் செய்த கோல் என்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் நியூகாசிலுக்கு ஒரு கோல் போட்டிருக்க வேண்டும் அல்லவா? போட்டிருக்கிறார். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது வந்த கிராஸைத் தலையால் முட்டி உள்ளே தள்ளியிருக்கிறார். கன்னத்தில் பெரிய கிருதா, நெஞ்சு கொஞ்சம் புடைத்த நடை, தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரியும் வில்போல் வளைந்த கால்கள். ராட்ஃபோர்டு அடித்த பந்து மட்டும் அந்த மரங்களில் ஒன்றில் போய் மாட்டியிருந்தால், அன்றைய கதாநாயகன் அவர்தான். பந்து மாட்டவில்லை. அவருக்குப் பெரும்பாலும் மாட்டாது.

பெயர் மால்கம் மெக்டொனால்ட். ரசிகர்களுக்கு சூப்பர்மேக்.

லிவர்பூல் பைத்தியமான நண்பன் ஒருவனிடம் இவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "கோப்பை எத்தனை?" என்றான். பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். "அப்புறம் என்னடா பேச்சு" என்று போனை வைத்துவிட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, எல்லாரும் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருக்கிறது, போனில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

1950 ஜனவரியில் லண்டன் ஃபுல்ஹாமில் பிறந்தவர். இன்றைய பிள்ளைகள் போல எட்டு வயதிலேயே பெரிய கிளப்பின் அகாடமிக்குள் போய் வளர்ந்தவர் இல்லை. டன்பிரிட்ஜ் என்கிற, லீக்கில் இல்லாத ஒரு சின்ன கிளப்பில், அதுவும் பின்களத்தில் ஃபுல்பேக்காக ஆடியவர். அங்கே மேனேஜர் ஹாரி ஹாஸ்லம். (இந்த ஹாஸ்லம் தனிப் பதிவுக்குரிய ஆள். 1978-ல் ஷெஃபீல்டு யுனைடெட் மேனேஜராக அர்ஜென்டினா போய் மரடோனா என்கிற பையனை வாங்கப் பார்த்து, அது நடக்காமல் அலெக்ஸ் சபெல்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா பயிற்சியாளராக நின்றாரே, அதே சபெல்லா.) சரி, மெக்டொனால்டுக்கு வருவோம். 1968-ல் அவரைப் பிறந்த ஊர் கிளப்பான ஃபுல்ஹாமுக்குக் கொண்டுவந்தவர் பாபி ராப்சன். அப்போது ராப்சனுக்கும் அதுதான் மேனேஜராக முதல் பெரிய வேலை, அதே வருடம் நவம்பரில் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். கூட்டிவந்தவர் போன பிறகு பையனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? 13 லீக் ஆட்டம், 5 கோல், அவ்வளவுதான் ஃபுல்ஹாம். ராப்சன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து வருவார்.

1969-ல் 17,500 பவுண்டுக்கு லூட்டன் வாங்கியது. அப்போது லூட்டன் மூன்றாம் டிவிஷன். அங்கே மேனேஜர் அலெக் ஸ்டாக் இவரை நடு முன்களத்தில் நிறுத்தி, இனி உன் இடம் இதுதான் என்றார். அந்த சீசனே லூட்டன் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, அடுத்த சீசனில் இவர் மட்டும் லீக்கில் 24 கோல். இரண்டு வருடத்தில் 88 ஆட்டம், 49 கோல். சின்ன கிளப் கையில் இப்படி ஒருவர் இருந்தால் விற்காமல் என்ன செய்யும்? 1971 மே மாதம் நியூகாசில் 1,80,000 பவுண்டு கொடுத்தது. இரண்டே வருடத்தில் விலை பத்து மடங்கு.

நியூகாசிலுக்கு அவர் வந்திறங்கிய விதம்தான் எனக்குப் பிடித்த கட்டம். இருபத்தொரு வயது, முதல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. போகிற ஊர் நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் சோறு போட்ட வடகிழக்கு. அந்த ஊருக்கு லண்டன்காரப் பையன் ஒருவன், ஓட்டுநர் வைத்து ஓட்டும் ரோல்ஸ் ராய்ஸில், அதுவும் வாடகைக்கு எடுத்த ரோல்ஸ் ராய்ஸில், கிளப்பின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் வந்து இறங்கினான். இறங்கியதும் பத்திரிகைக்காரர்களிடம் இந்த சீசனில் 30 கோல் போடுவேன் என்றான். நம் ஊராக இருந்தால் டீக்கடையில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நியூகாசிலில் 9-ஆம் எண் சட்டை சும்மா போட்டுக்கொள்ளும் சட்டை இல்லை. ஹியூகி கலாக்கர் போட்டது, ஜாக்கி மில்பர்ன் போட்டது. மில்பர்னை அந்த ஊர் சாமி மாதிரி வைத்திருந்தது, அவர் காலத்தில் ஐந்து வருடத்தில் மூன்று எஃப்.ஏ. கோப்பை வந்திருந்தது. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரோல்ஸ் ராய்ஸில் வந்து, முப்பது என்று வாய் விடுவதென்றால் சாதாரணத் தெனாவட்டா?

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் 1971 ஆகஸ்ட் 21. எதிரே பில் ஷாங்க்லி மேனேஜராக இருந்த லிவர்பூல். மூன்று கோல் போட்டார். நியூகாசில் 3-2 என்று ஜெயித்தது. முழு ஆட்டமும் ஆடவில்லை. மூன்றாவதைப் போட்ட பிறகு நான்காவதுக்காகப் பந்தைத் துரத்தி, கோல்கீப்பர் ரே கிளெமன்ஸின் பூட்ஸ் முகத்தில் பட்டுப் பல் உடைந்து, நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு ஊர் ஒருவனைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து கேலரி முழுக்க சூப்பர்மேக் பாட்டுதான், இதுவரை எத்தனை கோல் போட்டாய் என்று கேட்கும் பாட்டு. அந்த சீசன் முடிந்தபோது லீக்கில் 23, எல்லாம் சேர்த்து 30. சொன்ன எண்ணிக்கை, ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

ஆடிய விதம் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும், வெறும் எண்ணிக்கையை மட்டும் அடுக்கினால் ஆள் தெரியமாட்டார். பந்தை வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றும் ரகம் இல்லை. அந்தக் காலத்திலேயே ரோட்னி மார்ஷ், ஸ்டான் பவுல்ஸ், ஃபிராங்க் வொர்த்திங்டன் என்று அப்படி ஆடியவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள், பார்க்கவும் அவர்கள்தான் அழகு. மெக்டொனால்ட் செய்தது ஒரே காரியம். டிஃபெண்டரின் தோளை ஒட்டி நிற்பார், பின்னால் காலி இடத்தில் பந்து விழும் என்று தெரிந்த நொடியில் கிளம்பிவிடுவார், அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது. ஓட்டம் அப்படி. தொலைக்காட்சியில் பல விளையாட்டு வீரர்களை மோதவிட்ட ஒரு நிகழ்ச்சியில் 1975-ல் நூறு மீட்டரை 10.9 விநாடியில் ஓடியவர். ஓடிப் போய் இடது காலால் ஒரே அடி. நிதானமாக ஓரமாகத் தட்டிவிடுவோம் என்கிற யோசனையெல்லாம் கிடையாது, வலை கிழிய வேண்டும். 1972-ல் செயின்ட் ஜான்ஸ்டனுடன் ஒரு நட்பு ஆட்டம். மைய வட்டத்தில் பந்தைத் தட்டியதும் அங்கிருந்தே கோலை நோக்கி அடித்துவிட்டார். ஐந்து விநாடியில் கோல். எதிரணி கோல்கீப்பர் இன்னும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

இந்த ஓட்டத்துக்குப் பந்து போட ஒரு ஆள் வேண்டுமே. டெரி ஹிபிட். லீட்ஸில் உட்காரவைக்கப்பட்டிருந்த, ஈர்க்குச்சி போன்ற மெலிந்த இடதுகால்காரர், 1971-ல் அவரும் நியூகாசில் வந்தார். நிமிர்ந்து பார்க்காமலே நாற்பது கஜம் பந்து போடுவார், அது மெக்டொனால்ட் ஓடும் வழியில் விழும். பக்கத்தில் ஜான் டியூடர், எதிரணியின் முழங்கையையெல்லாம் தன் விலாவில் வாங்கிக்கொண்டு இவருக்கு இடம் திறந்து கொடுக்கும் உழைப்பாளி. மெக்டொனால்ட் கதையைச் சொல்பவர்கள் டியூடரை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்பாது. அந்தக் காலத்து ஆடுகளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வந்துவிட்டால் புல்லே இருக்காது, ஈரம் குடித்துப் பந்து கனத்துவிடும், பின்னாலிருந்து காலை வாரினால் நடுவர் ஒரு விரலை ஆட்டி எச்சரிப்பதோடு சரி. அதில் ஓடி எடுத்த கோல்கள் இவை.

இப்போது ஹெரிஃபோர்டுக்குக் கொஞ்சம் திரும்பலாம். முதல் ஆட்டம் நியூகாசிலில். தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் ஹெரிஃபோர்டு கோல் போட்டது. மெக்டொனால்ட் பெனால்டியில் சமன் செய்தார், கடைசியில் 2-2. மறு ஆட்டம் மழையால் தள்ளிக்கொண்டே போனது. இடைப்பட்ட நாளில் இவர் சும்மா இருந்திருக்கலாம். அந்த சீசனில் போர்ன்மத்தின் டெட் மெக்டூகல் இதே கோப்பையில் மார்கேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 கோல் போட்டிருந்தார். அதை முறியடித்து ஹெரிஃபோர்டில் நான் பத்து போடுவேன் என்று இவர் சொன்னதாகத்தான் கதை ஓடுகிறது. போட்டது ஒன்று. முதல் டிவிஷன் அணியை லீக்கில் இல்லாத கிளப் வென்றது 1949-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஏதோ சில நிமிடம் காட்டுவதற்காக பி.பி.சி. ஜான் மோட்சன் என்கிற இளம் வர்ணனையாளரை அனுப்பியிருந்தது, அன்றிரவு அதுவே முதல் ஆட்டமாக ஒளிபரப்பானது, மோட்சனின் வாழ்க்கை அதில் தொடங்கியது. ராட்ஃபோர்டுக்குப் புகழ், மோட்சனுக்கு வேலை, மெக்டொனால்டுக்கு ஏச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றும் சொல்கிறோம், தவளை தன் வாயால் கெடும் என்றும் சொல்கிறோம். ஒரே ஆளுக்கு, ஒரே சீசனில், இரண்டும் பலித்தது.

ஆனால் அந்த வாயைக் குறை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1973-74, 74-75, 75-76 என்று அடுத்தடுத்து மூன்று சீசனில் நியூகாசில் லீக்கில் எந்த இடம் தெரியுமா? 15, 15, 15. இருபத்திரண்டு அணியில். அப்படி ஒரு அணியில் ஆடுகிறவனுக்கு வாரத்துக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? லிவர்பூலிலோ லீட்ஸிலோ ஐந்து கிடைக்கும், இங்கே இரண்டு. அந்த இரண்டும் எனக்குத்தான், இரண்டும் கோல்தான் என்று முன்கூட்டியே நம்பாதவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. அந்த நம்பிக்கை காலுக்கு மட்டும் வந்து வாய்க்கு வராமல் இருக்குமா? 1974-75-ல் 21 கோலுடன் முதல் டிவிஷனிலேயே அதிக கோல் போட்டவர் இவர். பதினைந்தாம் இடத்து அணியில் இருந்துகொண்டு. நியூகாசிலில் இருந்த ஐந்து சீசனிலும் கிளப்பில் அதிக கோல் இவருடையதுதான். 187 லீக் ஆட்டம், 95 கோல்.

1974 கோப்பைப் பயணத்தைத் தனிப் படமாகவே எடுக்கலாம். மின்வெட்டுக் காலம், பிரிட்டன் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நியூகாசில் முதலில் ஹெண்டன் என்கிற அமெச்சூர் கிளப்பிடமே சொந்த ஊரில் 1-1 என்று திணறி, மறு ஆட்டத்தில் 4-0. அப்புறம் ஸ்கந்தார்ப்புடனும் முதலில் சமன்தான். கால் இறுதியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். நியூகாசில் 3-1 என்று பின்தங்கியது, பேட் ஹோவர்டு வெளியே அனுப்பப்பட்டார், ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துப் போய், கலவரம் அடங்கியதும் மறுபடி ஆடவைத்தார்கள். பத்துப் பேரோடு ஆடிய நியூகாசில் 4-3 என்று ஜெயித்தது! ஃபாரஸ்ட் விடுமா? புகார் செய்தது, முடிவு ரத்து. பொது இடமான லிவர்பூல் குடிசன் பார்க்கில் மறு ஆட்டம், 0-0. அங்கேயே இன்னொன்று, 1-0. அந்த ஒரு கோல் மெக்டொனால்டுடையது.

அரை இறுதி ஹில்ஸ்பரோவில், பர்ன்லியோடு. அந்த ஆட்டத்தை ஒரு முறை பாருங்கள், என் நண்பனுக்கு நான் அனுப்பியதும் அதைத்தான். முதல் கோலுக்கு ஹிபிட் பந்தைப் போட, பர்ன்லியின் காலின் வால்ட்ரன் இவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், இவர் இழுத்துக்கொண்டே ஓடுகிறார், கடைசியில் வால்ட்ரன் விழுகிறார், இவர் விழவில்லை. இன்றைக்கு யாராக இருந்தாலும் படுத்துக்கொண்டு நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கியிருப்பார்கள். முதல் அடியைக் கோல்கீப்பர் தடுக்கிறார், திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளுகிறார். இரண்டாவது கோலுக்கு ஹிபிட் தன் பாதி மைதானத்திலிருந்தே தரையில் பட்டெழும் பந்தை அப்படியே அடித்து அனுப்ப, இவர் தனியாக ஓடுகிறார், ஓடுகிறார், யாரும் கிட்டே இல்லை. 2-0. அடுத்தது இறுதிப் போட்டி, லண்டன் வெம்பிளி மைதானத்தில்.

வெம்பிளியில் லிவர்பூல். பேப்பர்களில் முந்தைய வாரம் முழுக்க இவர் பேச்சு, லிவர்பூல் பின்களத்தை என்ன செய்யப் போகிறேன் என்று. ஷாங்க்லி அந்தக் கத்தரிப்புகளை அப்படியே எடுத்துத் தன் ஆட்டக்காரர்களிடம் காட்டினார், வேறொன்றும் பேச வேண்டியிருக்கவில்லை என்று சொல்வார்கள். 3-0. கெவின் கீகன் இரண்டு, ஸ்டீவ் ஹெய்வே ஒன்று. மெக்டொனால்ட் பந்தைத் தொட்டாரா என்பதே சந்தேகம். அது ஷாங்க்லியின் கடைசிக் கோப்பை, அந்த ஜூலையில் விலகிவிட்டார். அன்று நியூகாசில் ஆடியது மோசத்திலும் மோசம், பதினொரு பேரும் சேர்ந்து தோற்றது. ஆனால் பேசியவன் ஒருவன்தானே, ஏச்சும் ஒருவனுக்கே போனது.

நடுவில் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார், அது கிளப் கதை இல்லை என்றாலும் ஒரு நாளைச் சொல்லாமல் போக முடியாது. 1975 ஏப்ரல் 16, சைப்ரஸுடன் 5-0. ஐந்தும் இவர். ஒரே ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக அதைவிட அதிகம் இன்றுவரை யாரும் போட்டதில்லை. வெம்பிளி ஸ்கோர்போர்டில் சூப்பர்மேக் 5, சைப்ரஸ் 0 என்று எழுதினார்களாம். 14 ஆட்டத்தில் மொத்தம் 6 கோல். ஐந்து ஒரே ராத்திரியில், மிச்சம் ஒன்று அதற்கு முந்தைய மாதம் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக. அதே வருடம் நவம்பரோடு அந்தக் கதை முடிந்தது. இதில் ஒன்று பாருங்கள், ஐந்து கோல் போட்டதும் அதே வெம்பிளிதான். கோப்பைக்காகப் போனால் மட்டும் அந்த மைதானத்துக்கு இவரைப் பிடிக்காது.

1975-ல் ஜோ ஹார்வி போய் கோர்டன் லீ மேனேஜரானார். அவருக்கு நட்சத்திரம் என்கிற சொல்லே ஆகாது, பதினொரு பேரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஆளா இவர்? அந்த சீசனில் லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு நியூகாசில் போனது என்பது உண்மை. மான்செஸ்டர் சிட்டியோடு 1976 பிப்ரவரி 28. முந்தைய நாட்களில் காய்ச்சல் வந்து பாதி அணி படுத்திருந்தது. 2-1. வெற்றிக் கோல் சிட்டியின் டெனிஸ் டியூவர்ட் தலைகீழாகத் தாவி அடித்தது, நியூகாசிலில் பிறந்து நியூகாசில் ரசிகனாக வளர்ந்தவர். இப்படியெல்லாம் கதை எழுதினால் நாம் நம்பமாட்டோம். வெம்பிளி இரண்டாம் முறை, இரண்டாம் தோல்வி.

அந்தக் கோடையில் லீ இவரை ஆர்சனலுக்கு விற்றார். விலை 3,33,333 பவுண்டு 34 பென்ஸ். பத்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில்லறை உட்பட. நியூகாசில்காரர்கள் லீயை மன்னிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அவரும் அடுத்த ஜனவரியில் எவர்ட்டனுக்குப் போய்விட்டார். 1978-ல் நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஆர்சனலில் முதல் ஆட்டம், அப்போதுதான் மேலே ஏறி வந்த பிரிஸ்டல் சிட்டியிடம் சொந்த மைதானத்தில் 1-0 தோல்வி. இங்கே ரோல்ஸ் ராய்ஸ் மாயம் நடக்கவில்லை. ஆனால் டிசம்பரில் நியூகாசில் ஆர்சனலின் மைதானமான ஹைபரிக்கு வந்தது. ஆர்சனல் 5, நியூகாசில் 3, மெக்டொனால்ட் மூன்று. எதிர்ப்பக்கத்தில் கோர்டன் லீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளை இவர் எப்படி ரசித்திருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த சீசனில் லீக்கில் 25 கோல், ஆஸ்டன் வில்லாவின் ஆண்டி கிரேயுடன் சேர்ந்து மறுபடியும் டிவிஷனில் முதலிடம். இப்போது பந்து போட லியாம் பிரேடி என்கிற இருபது வயதுக்காரர் இருந்தார். ஹிபிட்டின் இடது காலுக்கு அப்புறம் பிரேடியின் இடது கால். இந்த விஷயத்தில் மட்டும் மெக்டொனால்டுக்கு அதிர்ஷ்டம்தான். 1977 கோடையில் ஆலன் ஹட்சனும் இவரும் குடித்ததற்காக ஆஸ்திரேலியப் பயணத்திலிருந்து பாதியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அதையும் மறைக்கவேண்டாம்.

1978 எஃப்.ஏ. கோப்பை அரை இறுதியில் ஓரியண்டுடன் 3-0. அதில் இவர் பெயரில் இரண்டு கோல். இரண்டுமே வேறெங்கோ போக வேண்டிய பந்து, ஓரியண்ட் ஆட்கள் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. கூச்சமே இல்லாமல் இரண்டையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார், நல்ல ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் லட்சணம். அப்படியாக மூன்றாம் முறை வெம்பிளி. எதிரே இப்ஸ்விச். அவர்களின் மேனேஜர்? பாபி ராப்சன். பத்து வருடத்துக்கு முன்னால் டன்பிரிட்ஜிலிருந்து இந்தப் பையனைக் கூட்டிவந்த அதே ராப்சன். இப்ஸ்விச் கம்பத்திலும் குறுக்குச் சட்டத்திலும் அடித்து அடித்து, கடைசியில் ரோஜர் ஆஸ்பர்ன் ஒரு கோல் போட்டார். 1-0. மெக்டொனால்டின் முழங்கால் அதற்கு முன்பே கெட ஆரம்பித்துவிட்டது, அந்த வீடியோவில் அவர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வேறு யாரோ ஓடுவது போல இருக்கிறது. தோளை ஒட்டி நிற்கிறார், கிளம்புகிறார், டிஃபெண்டர் கூடவே வந்துவிடுகிறார்.

ஆகஸ்டில் ராதர்ஹாமில் ஒரு லீக் கோப்பை ஆட்டம். கீழ் டிவிஷன் அணி, ஆர்சனல் 3-1 என்று தோற்றது. அங்கேதான் முழங்கால் போனது. அந்த சீசன் முழுக்க லீக்கில் நான்கே ஆட்டம். அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி முயற்சி, மறுபடி வீக்கம். ஸ்வீடனில் யூர்கார்டனுக்குக் கொஞ்ச நாள் ஆடிப் பார்த்தார். 1979-ல் விலகியபோது வயது 29. ஓட்டத்தை நம்பியே ஆடியவனுக்கு முழங்கால் போனால் வேறென்ன மிச்சம்? பிறகு மேனேஜராகப் போய் 1982-ல் ஃபுல்ஹாமை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். அதற்கப்புறம் வலியை மறக்கக் குடித்ததையும், குடி தன்னை எங்கே கொண்டுபோனது என்பதையும், அதிலிருந்து வெளியே வந்ததையும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அதே வடகிழக்கில் வானொலியில் பேசிப் பிழைத்தார். ஆம், வாயால்தான்.

என் நண்பனுக்கு வேண்டியது கோப்பைக் கணக்கு. என் கணக்கு இது: இங்கிலாந்து லீக்கில் நான்கு கிளப், 372 ஆட்டம், 191 கோல். இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல், பத்தே வருடத்தில், அவர் இருந்த காலத்தில் ஒரு முறைகூட லீக் பட்டம் வெல்லாத அணிகளோடு.

இன்னும் ஒன்றே ஒன்று. 1979 மே 12, ஆர்சனல் மறுபடி எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது, மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றது. மெக்டொனால்ட் அணியில் இல்லை. அது முடிந்த கையோடு செல்சியுடன் ஒரு லீக் ஆட்டம் மிச்சமிருந்தது. செல்சி ஏற்கெனவே கடைசி இடத்தில் கீழே இறங்கியாகிவிட்டது, ஆர்சனலுக்குக் கையில் கோப்பை வந்தாகிவிட்டது, அந்த ஆட்டத்தால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. இவரை இறக்கினார்கள். 1-1. ஆர்சனலின் கோல் இவர் போட்டது.